நான்கு, இரண்டு, இரண்டு

மழை விட்ட இரவில் புஞ்சை வரப்பில் நடக்கிறபோது டார்ச்சை இடுப்பளவில் பிடிக்காதீர்கள். கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோரம் வைத்துத் தரையைப் பாருங்கள். அறுகம்புல்லுக்கு நடுவே பச்சையும் நீலமும் கலந்த பொடி மினுக்கு ஒன்று தெரியும். பனித்துளி என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பனித்துளி ஓடாது.

போன ஐப்பசியில் அப்படி ஓடிய ஒன்றைத் துரத்திப் போனேன். காலை விரித்தால் பாதி உள்ளங்கையை அடைக்கும் அளவு. உடம்பெல்லாம் மயிர், மண் நிறம். ஓநாய்ச் சிலந்தி. கூட வந்த சித்தப்பா, "ஏலே, வெசம்லே அது!" என்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

பெரிதாகவும் மயிரடர்ந்தும் இருந்தால் உடனே 'டாரன்டுலா' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரே முதலில் ஓநாய்ச் சிலந்திக்கு உரியது. இத்தாலியின் தாரன்தோ ஊர்ப்பக்கச் சிலந்திக்கு வைத்த பெயரை, அமெரிக்கக் கண்டங்களில் பார்த்த தடித்த சிலந்திகளுக்கு ஐரோப்பியர்கள் பிற்பாடு ஒட்டிவிட்டார்கள்.

உருவ அளவை நம்பக் கூடாது. முகத்தைப் பார்க்க வேண்டும். ஓநாய்ச் சிலந்திக்குக் கண்கள் மூன்று வரிசை. கீழே சின்னதாக நான்கு, அதற்கு மேல் முன்னோக்கிய பெரிய கண்கள் இரண்டு, தலைக்கு மேலே பின்தள்ளி இன்னும் இரண்டு. கண்ணுக்குள் இருக்கும் ஒரு படலம் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது. டார்ச் கண்ணருகே இருக்க வேண்டியது அதனால்தான். டாரன்டுலாவுக்கோ எட்டுக் கண்ணும் சிறியவை, ஒரே மேட்டில் குவிந்திருக்கும். வீட்டுச் சுவரில் நண்டுபோலக் காலைப் பக்கவாட்டில் பரப்பி ஒட்டிக்கிடக்கும் தட்டைச் சிலந்தி வேறு குடும்பம்.

பெண் சிலந்தி முட்டைப்பையோடு இருந்தால் கண்ணை எண்ணவே வேண்டாம். வயிற்றின் பின்நுனியில், நூல் சுரக்கும் இடத்தில் உருண்டையை ஒட்டி இழுத்துக்கொண்டே வேட்டைக்கும் போகும். பார்வைக்கு இதேபோல இருக்கும் இன்னொரு குடும்பத்துச் சிலந்தி பையை வாயில் கவ்விக்கொள்ளும். குஞ்சு பொரிந்தபின் ஓநாய்ச் சிலந்தி அத்தனையையும் முதுகில் ஏற்றிச் சில நாள் சுமக்கிறது. இந்தக் குடும்பத்தின் அடையாளமே இந்த வழக்கம்தான்.

அடையாளம் காண்பதைக் குடும்பத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 2,400-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம் இது. பெரும்பாலானவற்றில் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் இனத்தின் பெயரை உறுதியாகச் சொல்ல முடியும். ஒற்றைப் படத்தை வைத்து ஒரு செயலி நொடியில் லத்தீன் பெயர் சொன்னால், அதை ஜோசியமாக எடுத்துக்கொள்வது என் வழக்கம்.

செருப்பைத் தூக்கிய கையோடு நின்ற சித்தப்பாவுக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. இதன் கடி மனிதரைக் கொல்லாது என்றேன்; அவர் நம்பவில்லை. இதன் சின்னப் பங்காளி நெல் வயலில் தூருக்குத் தூர் தாவிப் புகையான் பூச்சியைப் பிடித்துத் தின்கிறது, மருந்து அடித்தால் முதலில் அதுவும் சாகிறது, புகையான் பெருகிவிடுகிறது என்றேன். இரண்டு போகம் புகையானுக்குக் கொடுத்தவர் அவர்.

"அதுவா இது?"

"அது வேற, இது வேற. ஒரே குடும்பம்."

செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டார். திரும்பும்போது டார்ச் அவர் நெற்றியில் இருந்தது.