துணைத் தூதர்

அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார் என்பதனை மாணவர்கள் அறிவர். திருவள்ளுவரும் தூது என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். அத்தூது வேந்தரிடை நிகழும் போரும் அமைதியும் பற்றியது. இந்நாளில் அப்பணியை ஆற்றுவோர் தலைநகரங்களில் அமர்ந்துள்ள தூதர்கள். அவர்களின் வேறாக, வணிகம் மிக்க பிற நகரங்களிலிருந்து தம் நாட்டுக் குடிமக்களின் குறை கேட்கும் அலுவலர் ஒருவர் உளர். அவரைக் கான்சல் ஜெனரல் என்பர்; தமிழில் துணைத் தூதர் என வழங்குகிறோம். துணை என்பதற்குத் தாழ்ந்த நிலை எனப் பொருள் கொள்ளாது, உற்றவிடத்து உதவும் துணை எனக் கொள்ளின் அவர்தம் பணி நன்கு விளங்கும்.

விருதுநகரிலிருந்து துபாய்க்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஒருவர் தம் கடவுச்சீட்டை இழந்தார் எனக் கொள்வோம். நம் தூதரகம் இருப்பது அபுதாபியில்; துபாயில் இருப்பது துணைத் தூதரகம். அங்கே உரிய சான்றுகளைக் காட்டித் தாயகம் திரும்புதற்கு மட்டும் பயன்படும் அவசரச் சான்றிதழைப் பெறலாம். ஆங்குப் பிறந்த நம்மவர் குழந்தையின் பிறப்பைப் பதிவதும், இறந்தவர் உடலை ஊருக்கு அனுப்ப இசைவுச் சான்று வழங்குவதும் அவ்வலுவலகமே. வணிக நிலவரத்தை ஆராய்ந்து தாயகத்துக்கு அறிவித்தலும் உண்டு.

சென்னை அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் அமெரிக்க மண் என்று கூறுவாருளர். அது பிழை. அது இந்திய மண்ணே. ஆயினும், அதன் அலுவற்பகுதியுள் அவர்தம் இசைவின்றி நம் காவலர் நுழைதல் கூடாது. தீப்பற்றுதல் முதலாக உடனடிக் காப்பு நடவடிக்கை வேண்டும் பேரிடர் வேளையில் மட்டும் இசைவு கிடைத்ததாகவே கொள்ளலாம். சிவகாசி மக்களுக்கு இவ்விதியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்விதிகளெல்லாம் 1963-ஆம் ஆண்டு வியன்னா நகரில் உருவான உடன்படிக்கையில் உள்ளன. அதன் 36-ஆம் பிரிவே தலையாயது. அயல்நாட்டில் சிறைப்பட்டவனைத் துணைத் தூதரக அலுவலர் நேரிற் காணவும், அவனுக்கு வழக்குரைஞரை அமர்த்தவும் அப்பிரிவு உரிமை நல்குகிறது. இராமநாதபுரக் கடற்கரை மீனவர்—விருதுநகர்ப் பகுதியும் 1985 வரை அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே—இலங்கைக் காவலில் அகப்படுங்கால், யாழ்ப்பாணத்தில் 2010-இல் திறக்கப்பெற்ற இந்தியத் துணைத் தூதரகத்தினர் சிறைக்குச் சென்று அவர்களைக் காண்கின்றனர். சிறைக்கதவைத் திறக்கும் ஆற்றல் அவர்களுக்கில்லை. தீர்ப்பு அந்நாட்டு நீதிமன்றத்துக்கு உரியது. ஆயினும், கணவன் உயிரோடு நலமாயிருக்கிறான் என்னும் செய்தி கரையிற் காத்திருப்பவளுக்கு எட்டுதல் சிறிதன்று.

இவ்வுரிமை மறுக்கப்படுதலும் உண்டு. 2016-இல் பாக்கிஸ்தானில் சிறைப்பட்ட குல்பூஷண் ஜாதவ் என்னும் இந்தியரைக் காண நம் அலுவலருக்கு அந்நாடு இசையவில்லை. இந்தியா தி ஹேக் நகரிலுள்ள அனைத்துலக நீதிமன்றத்தில் 2017-இல் வழக்குத் தொடுத்தது. பாக்கிஸ்தான் 36-ஆம் பிரிவை மீறியது என 2019 சூலை 17 அன்று தீர்ப்பாயிற்று. அதன் பின்னரே, அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில், இவ்வுரிமையின்படி நம் அலுவலர் அவரை முதன்முறையாகக் கண்டார்.