மூன்று மாதக் கணக்கு



சர்க்கரை நோய் உள்ள நம்மில் பலருக்கு ஒரு வழக்கம் உண்டு. இரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு டீயில் சர்க்கரையை நிறுத்துவோம். இரவில் அரை வயிறு உண்போம். அளவு குறைவாக வந்துவிட்டால், மறுநாள் கல்லாவில் உட்கார்ந்தபடி பழையபடி டீயும் வடையும்தான். அதிகாரி வரும் அன்று மட்டும் கிடங்கைக் கூட்டி வைப்பது போன்றது இது. நாமும் பல ஆண்டுகள் இப்படிச் செய்தவர்களே. ஆனால் உடல் எழுதும் கணக்கு வேறு.

முறுக்கு பொரியும்போதும் ரொட்டி சுடும்போதும் நிறம் சிவப்பதற்குப் பெருங்காரணம், சர்க்கரைச் சத்து புரதத்தோடு சேர்ந்து மாறுவதே. இதை 1912-இல் விளக்கியவர் மையார் என்ற பிரெஞ்சு அறிஞர். இதே மாற்றம் அடுப்பில்லாமல், மெதுவாக, நம் உடற்சூட்டிலும் நடக்கிறது. எல்லோருக்கும் ஓரளவு உண்டு. இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தவர்களுக்கு வேகம் அதிகம்.

இதனால் இதயத்துக்கு என்ன கேடு? இரத்தக் குழாயின் சுவரிலுள்ள கொலாஜன் என்ற புரதம் பல ஆண்டுகள் நிலைத்திருப்பது. அதன் இழைகளைச் சர்க்கரை ஒன்றோடொன்று பிணைத்துவிட, குழாய் பழைய ரப்பர் போல விறைக்கிறது. கெட்ட கொழுப்பைச் சுமக்கும் புரதத்திலும் சர்க்கரை ஒட்டுவதால், அக்கொழுப்பு சுவரில் எளிதில் படிகிறது. சேதமான புரதங்கள் அங்கே அழற்சியையும் தூண்டுகின்றன. இப்படி அடைப்பு வளர்கிறது. நெடுநாள் நோயில் நரம்பும் பழுதாவதால், சிலருக்கு நெஞ்சு வலி தெரியாமலே மாரடைப்பு வந்துவிடுகிறது.

இந்த ஒட்டலை அளக்க வழி உண்டு. சிவப்பணுக்கள் சுமார் 120 நாட்கள் வாழ்கின்றன. அவற்றிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியுள்ளது என்று காட்டுவதே எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை. 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய் என்பது பொது அளவுகோல். இரண்டு நாள் பத்தியம் இதனிடம் செல்லாது. இரத்தசோகை உள்ளவர்களுக்கு மட்டும் அளவு சற்று மாறலாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் இன்சுலின் சார்ந்த நோயாளிகள் 1,441 பேரை 1983 முதல் 1993 வரை ஆராய்ந்தார்கள். பின்னர் இரு பிரிவினருக்கும் சர்க்கரை அளவு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தொடக்கத்திலேயே கண்டிப்பாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்கள் 42 சதவீதம் குறைந்திருந்தது 2005-இல் தெரிய வந்தது. நடுவயதில் நோய் கண்டவர்களை ஆராய்ந்த இங்கிலாந்திலும் 2008-இல் இதே போக்கு தெரிந்தது. பழைய பாக்கி எளிதில் தீராது. முதலிலேயே கட்டியவருக்கே லாபம் என்பது இதன் பொருள்.

சர்க்கரை மட்டுமே காரணம் அல்ல. இரத்த அழுத்தம், கொழுப்பு, புகையிலை ஆகியவையும் கூட்டாளிகளே. எவ்வளவு குறைக்கலாம் என்பதை வயதுக்கேற்ப மருத்துவர் சொல்வார். நாமாக மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

கடைக் கணக்கை ஒரு நாளும் தள்ளிப்போடாத நாம், இந்தக் கணக்கையும் மருத்துவர் சொன்ன தவணையில் பார்த்துவிடுவோம்.