விண்வெளி வானிலையும் பூம்புகார்க் கடலில் செயற்கைக்கோள் இடங்காட்டலும்

விண்வெளி வானிலை என்பது சூரியனிலிருந்து வரும் கதிர்வீச்சும் மின்னேற்றத் துகள்களும் பூமியின் காந்தப்புலத்திலும் மேல் வளிமண்டலத்திலும் உண்டாக்கும் மாற்றங்களைக் குறிக்கும். மழையையும் காற்றையும் போல இதை உடல் உணராது, கருவிகளே உணரும். அத்தகைய கருவிகளுள் இன்று மிகப் பரவலானது கைப்பேசியிலும் படகிலும் உள்ள ஜிபிஎஸ் வாங்கி.

காவிரி கடலில் கலக்கும் பூம்புகார், மயிலாடுதுறை மாவட்டத்தின் மீன்பிடி ஊர்களுள் ஒன்று. சோழகம், வாடை, கொண்டல் என்று ஒவ்வொரு திசைக் காற்றுக்கும் தனிப்பெயர் வைத்துள்ள கடற்கரை இது. இரவுத் தொழிலுக்குப் போகும் படகுகள் வலை விட்ட இடத்தையும், திரும்பும் வழியையும், தெற்கே கோடியக்கரைப் பக்கம் போனால் 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய–இலங்கைக் கடல் எல்லையையும் ஜிபிஎஸ் திரையில்தான் பார்க்கின்றன. கடலின் மேல் கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. திரை சரியாக இருக்க வேண்டும்.

அயனி மண்டலம் தரும் பிழை

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறிப்பலை கிளம்பிய நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு வாங்கி தொலைவைக் கணக்கிடுகிறது. குறைந்தது 4 செயற்கைக்கோள்கள் தெரிந்தால் இடம் கிடைத்துவிடும். ஒளி ஒரு நானோ நொடியில் 30 சென்டிமீட்டர் செல்லும் என்பதால், நேரத்தில் ஏற்படும் மிகச் சிறிய தாமதமும் தொலைவில் பிழையாகிறது.

அந்தத் தாமதத்தை உண்டாக்குவது, சுமார் 80 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி ஆயிரம் கிலோமீட்டர் வரை பரவியிருக்கும் அயனி மண்டலம். சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் அங்குள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கின்றன. ஒரு சதுர மீட்டர் குறுக்குப் பரப்பில், குறிப்பலையின் பாதை நெடுகிலும் உள்ள எலக்ட்ரான்கள் 10,000 இலட்சம் கோடி என்றால் அது ஓர் அலகு. ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஓர் அலகு 16 சென்டிமீட்டர் பிழை தரும், 100 அலகு 16 மீட்டர். சூரியன் உச்ச நிலையில் இருக்கும் ஆண்டுகளில் இந்தியாவின் மேல் பிற்பகலில் 100 அலகைத் தாண்டுவது அரிதன்று. செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டி இருந்தால் பாதை சாய்வாகி, பிழை இரண்டு மூன்று மடங்காகும். இதைத் திருத்த ஜிபிஎஸ் தன் செய்தியோடு அனுப்பும் எளிய கணக்கு, பிழையில் ஏறக்குறைய பாதியைத்தான் போக்கும்.

காந்த நடுக்கோட்டின் அருகே

பூமியின் காந்தப்புலக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடக்கும் இடங்களை இணைப்பது காந்த நடுக்கோடு. அது இந்தியாவின் தென்கோடி வழியே செல்கிறது. திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பா மீனவர் ஊரை ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவியதற்குக் காரணமே இதுதான். இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் ஆய்வகம் நடத்துவதும் இதனால்தான். பூம்புகார் அங்கிருந்து வடக்கே 300 கிலோமீட்டர் அளவிலேயே உள்ளது.

பகலில் இக்கோட்டின் மேல் கிழக்கு நோக்கிய மின்புலம் எலக்ட்ரான்களை மேலே தூக்குகிறது. ஏற்றத்தில் இறைத்த நீர் இருபுற வாய்க்கால்களிலும் பாய்வதுபோல், அவை காந்தக் கோடுகள் வழியே வடக்கும் தெற்குமாக வழிந்து, காந்த நடுக்கோட்டிலிருந்து 15 பாகை அளவில் குவிகின்றன. வடக்குக் குவியல் அகமதாபாத், கொல்கத்தா பக்கம் விழுகிறது. ஆகவே தென்னிந்தியாவிலிருந்து வட இந்தியா வரை எலக்ட்ரான் அடர்த்தி சீராக இல்லாமல் ஏறி இறங்குகிறது. மிதவெப்ப நாடுகளுக்கென வகுத்த திருத்தக் கணக்குகள் இங்கே தடுமாறுவது இதனால்தான்.

அந்திக்குப் பின் எழும் குமிழிகள்

சூரியன் மறைந்ததும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு விரைவில் கரைந்துவிடுகிறது. மேலடுக்கு கரையாமல் நிற்பதோடு, அந்நேரத்தில் வலுக்கும் மின்புலத்தால் இன்னும் உயரே ஏறுகிறது. அடர்ந்தது மேலே, அடர்த்தி குறைந்தது கீழே என்ற நிலை நிலையற்றது. எண்ணெய்க்கு மேல் தண்ணீரை ஊற்றினால் எண்ணெய் திரண்டு மேலெழுவதுபோல், அடர்த்தி குறைந்த பகுதி குமிழியாகக் கிளம்பி மேலடுக்கைத் துளைத்துக்கொண்டு போகும். இவை பிளாஸ்மாக் குமிழிகள் எனப்படுகின்றன. கிழக்கு மேற்காகப் பல பத்து கிலோமீட்டரும், வடக்கு தெற்காகப் பல நூறு முதல் ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீட்டரும் நீண்டு, மெல்லக் கிழக்கே நகரும்.

குமிழியின் ஓரங்கள் கலங்கிக் கிடப்பதால், அதன் வழியே வரும் குறிப்பலை விண்மீன் மினுக்குவதுபோல் மினுக்கும். வலிமை சட்டென விழும்போது வாங்கி அந்தச் செயற்கைக்கோளைப் பிடிவிட்டு, மீண்டும் தேடத் தொடங்கும். இந்தியப் பகுதியில் இது பெரும்பாலும் இரவு 7 மணிக்கு மேல் நள்ளிரவுக்குள், மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், சூரியன் உச்சத்தில் உள்ள ஆண்டுகளில் நேர்கிறது. குமிழி பிறப்பது காந்த நடுக்கோட்டின் மேல் என்றாலும், மினுக்கம் மிகக் கடுமையாக இருப்பது எலக்ட்ரான் குவிந்துள்ள வடபகுதியில். பூம்புகார் அந்த அளவுக்குச் சிக்குவதில்லை, முழுவதும் தப்புவதும் இல்லை.

செய்தித்தாள்களில் இடம்பெறுவது சூரியப் புயல்தான், குமிழி அன்று. ஆனால் புயல் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவது. குமிழிக்குப் புயல் தேவையில்லை, பருவத்தில் அமைதியான மாலையே போதும். தமிழகக் கடலுக்கு இதையே முதன்மையான விண்வெளி வானிலையாகக் கொள்ள வேண்டும்.

2024 மே மாதப் புயல்

அண்மைக் காலத்தின் மிகப் பெரிய காந்தப் புயல் 2024 மே 10 அன்று, இந்திய நேரப்படி இரவு பத்தரை மணியளவில் தொடங்கியது. லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அமெரிக்காவில் சில சென்டிமீட்டர் துல்லியத்தை நம்பி விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்கள் வரிசை பிசகி நிறுத்தப்பட்டன. தமிழகக் கிழக்குக் கரையிலோ அது மீன்பிடித் தடைக்காலம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும். குமிழிப் பருவத்தின் மார்ச் மாதத்துக்கும் செப்டம்பர்–அக்டோபருக்கும் அத்தகைய விடுமுறை கிடையாது.

புயலை முன்கூட்டி அறிய ஆதித்யா எல்1 உதவும். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட அக்கலம், 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியக் காற்றை அளக்கிறது. அங்கு அளந்த காற்று பூமியை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். குமிழியை அப்படி அறிய இயலாது. இன்று மாலை எழுமா, நாளை எழுமா என்பது அன்றன்றைய மின்புலத்தையும் மேல் வளிமண்டலக் காற்றையும் பொறுத்தது. இவ்வாய்வுத் துறையில் இன்னும் தீராத கேள்வி இது.

கடலில் இதன் பொருள்

எல்லை தாண்டியதாகப் படகுகள் பிடிபடுவதற்கு விண்வெளி வானிலையைக் காரணமாகச் சொல்வது பொருந்தாது. 10, 20 மீட்டர் பிழை ஒரு படகை எல்லைக்கு அப்பால் கொண்டுபோகாது. ஆபத்து வேறு இடத்தில் உள்ளது. பிடி தளர்ந்த வாங்கி, சில நேரம் கடைசியாக அறிந்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். நீரோட்டத்தில் படகு நகர்ந்துகொண்டிருக்க, திரையில் அது நிற்கும். முகத்துவார மணல்திட்டுகளுக்கு இடையே இரவில் நுழையும்போது அந்தச் சில நிமிடங்கள் போதும். திரையின் மூலையில் உள்ள செயற்கைக்கோள் எண்ணிக்கை 4க்கு அருகில் குறைந்தால், காட்டும் இடத்தை நம்பாமல் திசைகாட்டியையும் கலங்கரை விளக்கையும் பார்ப்பதே சரி.

குமிழி வானம் முழுவதையும் ஒரே நேரத்தில் மூடுவதில்லை. ஆகவே ஜிபிஎஸ்ஸோடு நாவிக், கலிலியோ போன்றவற்றையும் பிடிக்கும் வாங்கி தாக்குப்பிடிக்கும். தாமதப் பிழைக்கு வேறு மருந்து உண்டு. பிழை அலைவெண்ணின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவதால், இரண்டு அலைவெண்களை ஒப்பிட்டால் அதைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். நாவிக்கின் 2492.028 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஓர் அலகுக்கு 6.5 சென்டிமீட்டர் பிழைதான்.

இஸ்ரோவும் இந்திய விமான நிலையங்கள் ஆணையமும் அமைத்த ககன் அமைப்பு, தரை நிலையங்களில் அளந்த திருத்தங்களைச் செயற்கைக்கோள் வழியே அனுப்புகிறது. அயனி மண்டலத்தை ஒற்றைத் தகடாகக் கொள்ளும் வழக்கமான கணக்கு இங்கே போதாததால், பல அடுக்குகளாகக் கொள்ளும் முறையை இஸ்ரோ வகுத்தது. விமானங்களின் செங்குத்து வழிகாட்டலுக்கு 2015 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. 2017 ஒக்கிப் புயலின்போது நடுக்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டாத துயரத்துக்குப் பின், ககன் வழியே மீனவரின் கைப்பேசிக்கு வானிலைச் செய்தி தரும் ஜெமினி கருவி 2019 அக்டோபரில் வந்தது. அது செய்தியைப் பெறும், திருப்பி அனுப்பாது.

ககனின் செய்தியும் இதே அயனி மண்டலத்தைக் கடந்தே வர வேண்டும். அதற்கான கருவிகள் ஜிசாட்-8, ஜிசாட்-10, ஜிசாட்-15 ஆகியவற்றில் ஏற்றப்பட்டன. கிழக்கு நெட்டாங்கு 83 பாகையில் நிறுத்தப்பட்ட ஜிசாட்-10 பூம்புகாருக்கு ஏறத்தாழ உச்சியில் இருக்கும். 55 பாகையில் நிறுத்தப்பட்ட ஜிசாட்-8 உச்சியிலிருந்து விலகி மேற்கு வானில் தெரியும். குமிழிகள் மேற்கிலிருந்து கிழக்கே நகர்வதால், வரும் குமிழி பெரும்பாலும் மேற்கிலுள்ளதன் பாதையை முதலில் மறைக்கும். உச்சியிலுள்ளது அதன் பின்னரே சிக்கும்.