மின்சாரம் மாறிய கதை: மும்பை லோக்கலும் பெரம்பூர்ப் பெட்டியும்

கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்கள். மும்பைத் தமிழர்களிடம் லோக்கல் வண்டியைப் பற்றிப் பேசுவதும் ஏறக்குறைய அப்படித்தான். எந்த ஃபாஸ்ட் எத்தனை மணிக்கு, பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும், எந்தப் பெட்டியில் ஏறினால் மாடிப்படிக்கு நேராக இறங்கலாம் என்பதெல்லாம் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் 2007-ஆம் ஆண்டு முதல் நம்மைச் சுமந்து வரும் வெள்ளையும் ஊதாவுமான வண்டி எதற்காக வந்தது என்று கேட்டால், "புது வண்டி, காத்து நல்லா வரும்" என்பதோடு நம்மில் பலர் நிறுத்திக்கொள்வோம். உண்மையில், ஊரைப் பூட்டிப்போடாமல் ஊரின் ரயில் மின்சாரத்தையே மாற்ற உதவிய வண்டி அது. அதன் பெட்டிகள் செய்யப்பட்டதோ நம் சென்னைப் பெரம்பூரில்!

நேர்மின்சாரக் காலம்

இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு ஓடியது. மேற்கு வழித்தடத்தில் 1928-இல் மின்சார ரயில் வந்தது. சென்னையில் கடற்கரை – தாம்பரம் மீட்டர்கேஜ் பாதையில் 1931-இல் தொடங்கியது. எல்லாமே 1,500 வோல்ட் நேர்மின்சாரம், அதாவது டி.சி. அந்தக் காலத்து ரயில் மோட்டார்களைக் கட்டுப்படுத்த அதுவே எளிய வழி.

இதில் என்ன குறை? வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் குறைவாக இருந்தால் அதே அளவு தண்ணீருக்குப் பெரிய குழாய் வேண்டும். மின்சாரமும் அப்படியே. ஒரு வண்டிக்கு 3,000 கிலோவாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். 1,500 வோல்ட்டில் அதற்கு 2,000 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர் போதும். மின்னோட்டம் கூடக்கூடக் கம்பி சூடாகி மின்சாரம் வீணாகும். அதனால் டி.சி. பாதையில் தடித்த கம்பியும், சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையமும் தேவைப்பட்டன. காலை நெரிசல் வேளையில் பல வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கும்போது கம்பியில் வோல்ட் இறங்கிவிடும். 9 பெட்டியை 12 ஆக்கவும், வண்டிகளைக் கூட்டவும் இதுவே முட்டுக்கட்டை ஆயிற்று.

சென்னை 1960-களிலேயே 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு, அதாவது ஏ.சி.க்கு, மாறிவிட்டது. மும்பையால் முடியவில்லை. சில நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடுகிற பாதையை மாதக்கணக்கில் மூடிவைத்தால் ஊர் எப்படிப் பிழைக்கும்?

இரண்டுக்கும் பழகிய வண்டி

ஒரே வழி, துண்டு துண்டாக மாற்றுவது. அப்படி மாற்றினால் பாதையில் ஓரிடத்தில் டி.சி. முடிந்து ஏ.சி. தொடங்கும். அந்த எல்லையைப் பயணிகள் இறங்காமல் கடக்க, இரண்டு மின்சாரத்திலும் ஓடும் வண்டி வேண்டும். 1999-இல் அமைக்கப்பட்ட மும்பை ரயில் விகாஸ் கார்ப்பரேஷன், உலக வங்கிக் கடனுதவியுடன் நிறைவேற்றிய திட்டத்தின் கீழ் இந்த வண்டிகள் வந்தன. மின்கருவிகள் சீமென்ஸ் நிறுவனத்துடையவை. பெட்டிகள் பெரம்பூர் ஐ.சி.எஃப். கட்டியவை. "சீமென்ஸ் வண்டி" என்று ரயில்காரர்கள் சொல்வது இதைத்தான்.

பழைய மஞ்சள் – பழுப்பு வண்டிகளில் வேகத்தைக் கட்டுப்படுத்த மின்தடைகள் இருந்தன. புறப்படும்போது மின்சாரத்தின் ஒரு பகுதி அவற்றில் வெப்பமாகவே போய்விடும். புது வண்டியில் அந்த வேலையை மின்னணுக் கருவிகள் பார்க்கின்றன. மேலிருந்து வருவது ஏ.சி. என்றால் மின்மாற்றி வோல்ட்டைக் குறைக்கும், பிறகு அது டி.சி.யாக்கப்படும். வருவதே டி.சி. என்றால் அந்த இரண்டு படியும் வேண்டாம். கடைசியில் இரண்டுமே ஓர் இன்வெர்ட்டர் வழியாக மூன்று கட்ட மின்சாரமாகி மோட்டாரைச் சுழற்றும். பிரேக் போடும்போது அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி, மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பி அனுப்பும். நாம் தாதரில் நிற்பதற்காகப் போடும் பிரேக், பக்கத்தில் புறப்படும் இன்னொரு வண்டிக்கு உதவும் என்றால் வியப்பாக இல்லையா?

எல்லையில் சிறிது தூரம் கம்பியில் மின்சாரமே இருக்காது. மோட்டர்மேன் மின்சாரத்தை நிறுத்திவிட, வண்டி ஓடிய வேகத்திலேயே அதைக் கடக்கும். அந்த ஆண்டுகளில் லோக்கலில் போனவர்களுக்கு நினைவிருக்கும்: நடுவழியில் விளக்கும் ஃபேனும் சில நொடிகள் அணைந்து, மறுபடி உயிர் பெறும். "என்னடா இது, கரண்ட் கட்டா?" என்று புதிதாக வந்தவர் கேட்பார். அது பழுது அல்ல, மின்சாரம் மாறிய நேரம்.

மேற்கு ரயில்வேயில் மாற்றம் 2012 பிப்ரவரியில் நிறைவுற்றது. மத்திய ரயில்வேயின் முதன்மைத் தடத்தில் 2015 ஜூனில் முடிந்தது. பழைய மேம்பாலங்கள் தாழ்வாக இருந்தது பெரிய தடை, ஏனெனில் 25,000 வோல்ட் கம்பிக்கும் பாலத்துக்கும் கூடுதல் இடைவெளி வேண்டும். 1879-இல் கட்டிய ஹான்காக் பாலம் 2016 ஜனவரியில் இடிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் துறைமுக வழித்தடமும் மாறியது. 1925-இல் தொடங்கிய டி.சி. காலம் 91 ஆண்டுகளுக்குப் பின் முடிவுக்கு வந்தது. அத்தனை காலமும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கைப் பொறுத்துக்கொண்ட பயணிகளுக்கும் இதில் பங்குண்டு.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். வண்டிக் கூரையில் ஏறுவது முன்பும் ஆபத்துதான். ஆனால் 25,000 வோல்ட் கம்பியைத் தொடவே வேண்டியதில்லை. நெருங்கினாலே மின்சாரம் பாய்ந்துவிடும்.

வாசலில் நிற்கும் கேள்வி

மின்சாரம் மாறியது, நெரிசல் மாறவில்லை. சுமார் 1,700 பேருக்கான 9 பெட்டி வண்டியில் நெரிசல் வேளையில் 4,700 பேர் வரை பயணம் செய்தார்கள். ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பதாகக் கணக்கிட்டார்கள். அத்தனை பேர் மூச்சு விட வேண்டுமே! அதனால்தான் இந்த வண்டிகளின் கூரையில் வெளிக்காற்றை உள்ளே தள்ளும் கருவிகளை வைத்தார்கள். நாம் சொல்லும் "நல்ல காத்து" அங்கிருந்து வருவது.

ஆனால் கதவு திறந்தே இருந்தது. 2017 டிசம்பர் 25 அன்று போரிவலியிலிருந்து தானாக மூடும் கதவுகளுடன் முதல் குளிர்சாதன லோக்கல் புறப்பட்டது. அதுவும் ஐ.சி.எஃப். தயாரிப்பே. சாதாரண வண்டியில் கதவை மூடினால் மூச்சு முட்டும் என்பதால் அவை பழையபடியே ஓடின. 2025 ஜூன் 9 அன்று மும்ப்ரா அருகே எதிரெதிராகச் சென்ற இரண்டு வண்டிகளின் வாசலில் தொங்கியவர்கள் கீழே விழுந்து உயிரிழப்பு நேர்ந்தது. அதன் பிறகு ரயில்வே அமைச்சகம், ஐ.சி.எஃப். பொறியாளர்களுடன் கலந்து பேசி, குளிர்சாதனமில்லாத வண்டிக்கும் தானியங்கிக் கதவு அமைக்கும் திட்டத்தை அறிவித்தது. கதவில் காற்றுக்கான இடுக்குகள், கூரையில் காற்றுக் கருவி, பெட்டிக்குப் பெட்டி நடந்து போகும் இணைப்பு ஆகிய மூன்றும் அதில் அடக்கம்.

இரண்டு மின்சாரத்தையும் ஒரே வண்டிக்குப் பழக்கிய பொறியாளர்களுக்குக் கதவையும் காற்றையும் ஒன்றாகக் கொடுப்பது எட்டாத காரியம் அல்ல. ஆனால் எல்லா வண்டிக்கும் கதவு வர ஆண்டுகள் ஆகும். அதுவரை கதவு நம் புத்திதான். காலேஜுக்கும் வேலைக்கும் புறப்படும் பிள்ளைகளிடம் டிபன் டப்பாவைக் கொடுக்கும்போதே ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புவோம்: "இந்த வண்டி போனா அடுத்த வண்டி வரும். வாசல்ல தொங்காதே, உள்ளே போய் நில்லு."