ஏன் பிடித்தீர்கள்? தமிழில் சொல்லுங்கள்!

பிழைப்புக்காக மும்பையிலோ, ஆமதாபாத்திலோ, டெல்லியிலோ வந்து தங்கியிருக்கும் தமிழர் ஒருவரைப் போலீசார் கைது செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேசுகிற அளவுக்கு அவருக்கு இந்தி தெரியும். காய்கறிக்காரரிடம் பேரம் பேசுவார். மேஸ்திரியிடம் கூலி பாக்கியைக் கேட்பார். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. அவரிடம் ஆங்கிலத்தில் டைப் அடித்த நாலு தாள்களை நீட்டி, "கையெழுத்துப் போடு" என்கிறார்கள். அவரும் போட்டுவிடுகிறார்.

கைதுக்கான காரணத்தை அவருக்குத் தெரிவித்தாகிவிட்டது என்று ரிக்கார்டில் பதிவாகிவிடும். உண்மையிலேயே அவருக்குத் தெரிவித்தார்களா?

இந்தக் கேள்வி சுப்ரீம் கோர்ட்டு வரை பலமுறை போயிருக்கிறது. வெளி மாநிலத்தில் வாழும் நம்மவர்கள் ஒவ்வொருவரும் அதன் பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. தேசப் பாதுகாப்பு, பயங்கரவாதத் தடுப்பு என்ற பெயர்களில் உள்ள சட்டங்களில் அகப்பட்டுக்கொண்டவருக்கு, காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தவிர வேறு பிடிமானம் அதிகம் இல்லை.

இரண்டு விதக் கைது

அரசியல் சட்டத்தின் 22-வது ஷரத்து இரண்டு விதமான கைதைப் பற்றிச் சொல்கிறது. ஒன்று, குற்றம் செய்ததாகக் கைது செய்வது. இதில் காரணத்தைச் சொல்ல வேண்டும். வக்கீலைப் பார்க்க விடவேண்டும். பிரயாண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்த வேண்டும். இன்னொன்று, இனிமேல் ஏதாவது செய்துவிடுவார் என்று முன்கூட்டியே பிடித்து வைப்பது. தடுப்புக் காவல் என்பது இதுதான். இதற்கு 24 மணி நேரக் கணக்கு கிடையாது. விசாரணையும் இல்லை, தண்டனையும் இல்லை, சிறை மட்டும் உண்டு. 1980-ம் ஆண்டின் தேசப் பாதுகாப்புச் சட்டப்படி 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ஆலோசனைக் குழு முன்பு வக்கீல் வைத்து வாதாடும் உரிமைகூட அந்தச் சட்டத்தில் இல்லை.

அப்படியானால் சிறையில் இருப்பவருக்கு மிஞ்சுவது என்ன? "இன்ன காரணத்துக்காக உன்னை வைத்திருக்கிறோம்" என்று அரசாங்கம் சொல்ல வேண்டும். "அது சரியல்ல" என்று அவர் மனு எழுத வேண்டும். இந்த ஒரு வழியைத்தான் அரசியல் சட்டம் விட்டு வைத்திருக்கிறது. தாளில் இருப்பதைப் படிக்கவே முடியாதவர் எதை மறுத்து மனு எழுதுவார்?

நாகபுரி வழக்கு

1962-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்த நாகபுரி வழக்கில் இதேதான் பிரச்சினை. ஒருவரைத் தடுப்புக் காவலில் வைத்து, காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். 14 பக்கத்துக்கு மேல் டைப் அடித்த தாள்கள். 13 வருட நடவடிக்கைகள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இந்தியில் கொடுங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டார்கள். "போலீஸ் அதிகாரி வாயால் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டார், அது போதும்" என்பது அரசாங்கத்தின் வாதம். ஐகோர்ட்டும் அதை ஏற்றுக்கொண்டது.

சுப்ரீம் கோர்ட்டு ஏற்கவில்லை. இத்தனை பக்கங்களை ஒருமுறை வாய்விட்டு வாசித்துக் காட்டினால் யார்தான் மனதில் வைத்திருக்க முடியும்? அவருக்குப் புரியும் மொழியில், அவர் படிக்கக்கூடிய எழுத்தில் கொடுத்தால்தான் தெரிவித்ததாக அர்த்தம் என்று கூறி, அவரை விடுவித்தது.

இன்னொரு வழக்கு தமிழ்நாட்டிலேயே நடந்தது. தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு பெண், குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் மாநிலச் சட்டப்படி அடைக்கப்பட்டார். அவர் காவலை நீட்டித்த உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது. அதை ஆதாரமாகக் காட்டியவர்கள் தமிழாக்கம் தரவில்லை. 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தக் காவலை ரத்து செய்தது. தமிழ்நாட்டில், தமிழருக்கு, தமிழில் கொடுக்க வேண்டும் என்பதற்கே டெல்லி வரை போக வேண்டியிருந்தது!

காரணமே சொல்லாத காலம்

மொழி பிறகு வருகிற விஷயம். காரணத்தையே சொல்ல வேண்டாம் என்று சட்டம் போட்ட காலமும் உண்டு. 1975 ஜூன் 25-ல் நெருக்கடி நிலை பிறந்தது. சில நாட்களில் "மிசா" சட்டத்தில் 16-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பிடித்தவரிடம் ஏன் பிடித்தோம் என்று சொல்லத் தேவையில்லை என்பது அதன் சாரம். 1976 ஜனவரி 31-ல் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு நம் ஊரில் "மிசா கைதி" என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லாயிற்று.

காவலில் இருந்தவர்கள் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். 9 ஐகோர்ட்டுகள் மனுவை விசாரிக்கலாம் என்றன. சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி எச்.ஆர். கன்னா, அட்டர்னி ஜெனரல் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார். சொந்தப் பகை காரணமாக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட கோர்ட்டில் பரிகாரம் இல்லையா? நெருக்கடி நிலை இருக்கும்வரை இல்லை என்பதே பதிலாக வந்தது.

1976 ஏப்ரல் 28-ல் தீர்ப்பு. 5 நீதிபதிகளில் 4 பேர் அரசாங்கத்தின் பக்கம் நின்றார்கள். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டு எழுதினார். மறு வருடம், வரிசைப்படி அவருக்கு வரவேண்டிய தலைமை நீதிபதி பதவியை அவருக்கு அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அவர் ராஜினாமா செய்தார். பிறகு மிசா சட்டம் ஒழிக்கப்பட்டது. 1978-ல் கொண்டுவந்த 44-வது திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள உரிமையை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கியது. அந்தத் தீர்ப்பை சுப்ரீம் கோர்ட்டு வெளிப்படையாகத் தவறு என்று தள்ளுவதற்கு 2017 ஆகிவிட்டது. தள்ளிய நீதிபதிகளில் ஒருவர் டி.ஒய். சந்திரசூட். 1976-ல் அரசாங்கத்தின் பக்கம் தீர்ப்பு எழுதிய 4 பேரில் ஒருவர் அவருடைய தந்தை!

விட்டுப்போன வாக்கியம்

"குண்டு வைக்கிறவனுக்கு இத்தனை சலுகையா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1993 மார்ச் 12-ல் மும்பையில் தொடர் குண்டுவெடிப்புகளில் 257 பேர் மாண்டதை நாம் மறக்க முடியாது. ஆனால் பிடிபட்டவர்தான் குண்டு வைத்தவரா என்பது விசாரித்த பிறகு அல்லவா தெரியும்? தவறான ஆளை உள்ளே வைத்தால், சரியான ஆள் வெளியே திரிகிறான் என்றுதானே அர்த்தம்?

"தடா" சட்டத்தைப் பாருங்கள். 1985-ல் வந்து 1995-ல் காலாவதியான சட்டம். சாதாரண வழக்கில், போலீசாரிடம் சொன்ன குற்ற ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. 1987-ன் தடா சட்டத்திலோ, போலீஸ் சூப்பிரண்டு அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி எழுதிக்கொண்டால் செல்லும். 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு இதை அனுமதித்தது. ஆனால், அவர் எந்த மொழியில் சொன்னாரோ அதே மொழியில், சொன்னது சொன்னபடி எழுத வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது.

சொன்னபடி எழுதாவிட்டால் என்ன ஆகும்? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-ல் கைதான பேரறிவாளனுக்கு அப்போது 19 வயது. 9 வோல்ட் பேட்டரி வாங்கிக் கொடுத்ததாக அவருடைய வாக்குமூலத்தில் இருந்தது. வழக்கில் 26 பேருக்கு விசாரணைக் கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. 1999-ல் சுப்ரீம் கோர்ட்டு அவர்களில் 19 பேரை வெளியே விட்டது. தடா குற்றங்கள் நிரூபணமாகவில்லை என்றும் சொன்னது. ஆனால் தடா முறையில் எடுத்த வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. பேரறிவாளனின் தூக்குத் தண்டனை உறுதியானது.

2013-ல், அந்த வாக்குமூலத்தை எழுதிய ஓய்வுபெற்ற சி.பி.ஐ. அதிகாரி தியாகராஜன் ஒரு செய்தியை வெளியிட்டார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டுவிட்டதாகக் கூறினார். தூக்கு 2014-ல் ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18-ல் அவர் விடுதலையானார். கவர்னர் மனுவைக் கிடப்பில் போட்ட தாமதம்தான் விடுதலைக்குக் காரணமே தவிர, இந்த வாக்கியம் அல்ல. 31 வருடம் போனது போனதுதான்.

இப்போதைய நிலை

இன்று நடப்பில் உள்ளது "உபா" என்ற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம். 1967-ல் வந்தது; 2004, 2008, 2019 ஆகிய வருடங்களில் கடுமையாக்கப்பட்டது. குற்றப் பத்திரிகை தாக்கல் செய்ய 180 நாள் வரை அவகாசம் கிடைக்கும். புகார் மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. விசாரணை வருடக்கணக்கில் இழுத்தால் ஐகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் ஜாமீன் தரலாம் என்று 2021-ல் சொன்னதுதான் கொஞ்சம் ஆறுதல்.

இந்தச் சட்டப்படி கைது செய்தாலும் காரணத்தை எழுத்து மூலம் கொடுத்தே தீரவேண்டும் என்று 2024 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 6-ல், மும்பையில் நடந்த ஒரு கார் விபத்து வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. எந்தக் குற்றமானாலும், காரணம் எழுத்தில் வேண்டும். கைதானவருக்குப் புரியும் மொழியில் வேண்டும். உடனே எழுதித்தர முடியாவிட்டால் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்காக மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்துவதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தவறினால் கைதும் ரிமாண்டும் செல்லாது.

ஆகவே, படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துக் கேட்டால், "எனக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும்" என்று சொல்லுங்கள். கட்டாயத்தின் பேரில் கையெழுத்துப் போட நேர்ந்தால், அதற்குப் பக்கத்திலேயே அந்த வாக்கியத்தைத் தமிழில் எழுதுங்கள். மாஜிஸ்திரேட்டு முன் நிறுத்தும்போது அதையே முதலில் சொல்லுங்கள். விசாரணையின்போது போலீசார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவரின் கையெழுத்தை வாங்கக்கூடாது என்பதும் சட்டம்தான். கைது மெமோ வேறு. அதில் ஒரு சாட்சியும் கைதானவரும் கையெழுத்திட வேண்டும். தேதியும் நேரமும் இருக்க வேண்டும்.

ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு யார் சொல்வது? 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு விதித்த விதிமுறைகளில் இதற்கும் இடம் உண்டு. உறவினர் வேறு மாவட்டத்தில் இருந்தால், 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அங்குள்ள போலீஸ் நிலையத்தின் மூலமாகவும் சட்ட உதவி அமைப்பின் மூலமாகவும் தந்தி வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்றது. தந்தி சர்வீஸ் 2013-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் தகவல் சொல்லும் கடமை அப்படியே இருக்கிறது. 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 48-வது பிரிவிலும் அது இருக்கிறது. காவலில் இருப்பவருக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் டெலிபோன் எண் 15100. எந்த மாநிலத்திலிருந்தும் இந்த எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம்.