12 வயதுச் சிறுவன் படைத்த யந்திர மனிதன்!

ஜப்பான் நாட்டில் ஒரு சிறுவன் இருந்தான். அவனுக்கு வயது 12.

அவன் ஒரு காகிதத்தில் யந்திர மனிதன் ஒருவனை வரைந்தான். அந்த யந்திர மனிதனின் தலையே தூசி உறிஞ்சும் மெஷின்! எதிரே வருவதை எல்லாம் தலையாலேயே "சர்"ரென்று இழுத்துக்கொள்வான்.

சிறுவன் அந்தப் படத்தை ஒரு கம்பெனிக்கு அனுப்பி வைத்தான்.

1991-ம் ஆண்டு டிசம்பர் மாதம், அதே யந்திர மனிதன் 'டஸ்ட் மேன்' (தூசி மனிதன்) என்ற பெயரோடு டெலிவிஷன் திரையில் ஓடினான், குதித்தான், சண்டை போட்டான்!

இது எப்படி நடந்தது?

வீரன் பிறந்த கதை

ஒசாகா நகரில் 'காப்காம்' என்ற கம்பெனி இருக்கிறது. வீடியோ விளையாட்டுகள் தயாரிக்கும் கம்பெனி அது. 1987-ம் ஆண்டு அங்கே ஒரு சிறிய குழுவினர் புதிய விளையாட்டு ஒன்றைத் தயாரித்தார்கள். அதன் பெயர் 'ராக்மேன்'. வெளிநாடுகளில் அதையே 'மெகா மேன்' என்று சொல்லுகிறார்கள்.

கதை எளிமையானது. லைட் என்ற நல்ல விஞ்ஞானி, மக்களுக்கு உதவியாக யந்திர மனிதர்களைச் செய்கிறார். வைலி என்ற பொல்லாத விஞ்ஞானி, அவர்களில் 6 பேரைக் கெடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். அப்போது, லைட்டிடம் எடுபிடி வேலை பார்த்த ஒரு சின்ன யந்திரப் பையன் முன்வருகிறான். தன்னைப் போர் வீரனாக மாற்றும்படி கேட்கிறான். அவன்தான் ராக்மேன்!

புள்ளிக் கோலம் போல...

இந்த வீரனை உருவாக்கியது லேசான வேலை அல்ல.

சாதாரணமாக, ஓவியர் முதலில் பெரிய படம் வரைவார். அதைப் பார்த்துச் சிறிய பொம்மை செய்வார்கள். இங்கே நடந்தது தலைகீழ்! அகிரா கிட்டாமுரா என்பவர் முதலில் புள்ளிகளாலேயே வீரனை அமைத்தார். பிறகுதான், 22 வயது இளைஞரான கெய்ஜி இனாபூனே அதைப் பார்த்துப் பெரிய படம் வரைந்தார்.

ஏன் அப்படி?

அந்தக் காலத்து விளையாட்டுப் பெட்டிக்குச் சக்தி குறைவு. திரையில் ஓடும் பொம்மையைச் சிறு சிறு கட்டங்களாகத்தான் அமைக்க முடியும். ஒரு கட்டத்தில் குறுக்கே 8 புள்ளி, நெடுக்கே 8 புள்ளி. அதற்குள் 3 நிறங்களுக்கு மேல் போட முடியாது. புள்ளிக் கோலம் போடும் பெண்மணிக்குப் புள்ளிதான் எல்லை. அதே கதைதான் இங்கும்.

3 நிறங்களில் உடம்பும் வேண்டும், முகமும் வேண்டும் என்றால் எப்படி? ஒரு தந்திரம் செய்தார்கள். உடம்பைத் தனியாகவும், முகத்தைத் தனியாகவும் செய்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துவிட்டார்கள்! அதனால் கண்ணும் முகமும் பளிச்சென்று தெரிந்தன.

ராக்மேன் ஏன் நீல நிறம்? அதற்கும் காரணம் உண்டு. அந்தப் பெட்டியில் இருந்த நிறங்களில் நீலத்தில்தான் வகைகள் அதிகம்!

தொழிலே உருவம்

எதிரிகளை அமைப்பதிலும் ஒரு முறை வைத்தார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு தொழில். பார்த்தவுடன் தொழில் தெரிய வேண்டும். மரம் வெட்டுகிறவன் தலையில் கத்தரிக்கோல். பனிப் பிரதேசத்தில் வேலை செய்கிறவன் உடம்பில் குளிர் அங்கி.

ஒருவனை ஜெயித்தால் அவனுடைய ஆயுதம் ராக்மேனுக்குக் கிடைக்கும். அது இன்னொருவனை மடக்க உதவும். கத்தரிக்கோல்காரனைப் பாறையைத் தூக்கி எறிந்து மடக்கலாம்!

உருவம் எளிது. ஆனால் அதற்குள் ஒரு யோசனை இருக்க வேண்டும். கை தேர்ந்த ஓவியர்தான் வேண்டும் என்பது இல்லை. நல்ல யோசனை உள்ள குழந்தை போதும்!

கம்பெனிக்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 1988-ல் வெளிவந்த இரண்டாவது விளையாட்டுக்கு, எதிரிகளைக் கற்பனை செய்து அனுப்பும்படி ரசிகர்களைக் கேட்டார்கள். 8,000-க்கு மேல் யோசனைகள் வந்து குவிந்தன. நான்காவது விளையாட்டுக்கு வந்தவை 70,000-க்கும் அதிகம்! அவற்றில் 8 மட்டுமே தேர்வு பெற்றன.

அந்த எட்டில் ஒன்றுதான் நம் சிறுவனின் தூசி மனிதன்.

பையன் என்ன ஆனான்?

அடுத்த ஆண்டு, ஐந்தாவது விளையாட்டிலும் அதே சிறுவன் வெற்றி பெற்றான். இந்தத் தடவை அவன் படைத்தது, 'கிரிஸ்டல் மேன்' என்ற பளிங்கு மனிதன்.

அந்தச் சிறுவனின் பெயர் யூசுகே முராட்டா. பிற்காலத்தில் அவர் ஜப்பானின் பிரபல சித்திரக் கதை ஓவியர்களில் ஒருவர் ஆனார். ஒரே குத்தில் எதிரியை வீழ்த்தும் வீரனின் கதையான 'ஒன் பஞ்ச் மேன்' தொடருக்கு, 2012 முதல் படம் வரைந்து பெயர் பெற்றார்.

படம் அனுப்பிய எல்லோரும் ஓவியர் ஆகிவிடவில்லை. ஆனால், "குழந்தைகளின் கிறுக்கல்தானே" என்று கம்பெனி ஒதுக்கியிருந்தால், தூசி மனிதன் காகிதத்தோடு போயிருப்பான்.

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஏதாவது வரைந்து வைத்திருக்கலாம். கோபிக்குமுன் பக்கத்தில் உட்கார்ந்து, "இவன் யார்? என்ன வேலை செய்வான்?" என்று கேட்டுப் பாருங்கள்.

பதிலைக் கேட்டு நீங்களே அசந்துபோவீர்கள்!