இறக்கத்தைத் தாங்கும் சக்கரம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஏ7 வீதி வழியாக நானுஓயா, லிந்துலை, தலவாக்கலை கடந்து கொட்டகலைக்கு வந்து சேர்வதற்குள் 600 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். ஆளும் சைக்கிளுமாக 80 கிலோ என்று வைத்துக் கணக்குப் போட்டால், 600 மீற்றர் இறக்கத்தில் வெளிப்படும் ஆற்றல் சுமார் 470 கிலோ ஜூல். கேத்தலில் உள்ள 1.4 லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது.

வளைவில்லாத நேரான இறக்கமாக இருந்தால் இந்த ஆற்றலில் பெரும்பகுதியைக் காற்றே வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்தாக வேண்டிய மலைப்பாதையில் அது நடக்காது. காற்றும் டயரும் எடுத்ததுபோக மிச்சம் முழுவதையும் பிரேக் கட்டைகள் ரிம்மில் உரசி வெப்பமாக்கியாக வேண்டும். கொட்டகலையில் ஒருவர் தன் சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் தேடும்போது முதலில் நினைக்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.

2022இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் நாடெங்கும் சைக்கிளுக்குத் திடீர்க் கிராக்கி வந்தது. விலையும் ஏறியது. விலை குறைந்த ரோட் பைக் ஒன்றையோ, ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய கியர் சைக்கிளையோ வாங்கி ஓட்டுகிறவர், கொஞ்சம் பழகியதும் அடுத்ததாக மாற்ற நினைப்பது சக்கரத்தை. "எடை குறைந்த சக்கரம் போட்டால் ஏற்றம் லேசாகிவிடும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அந்தப் பேச்சை நம்பிப் போகக்கூடாது. அறிவியல் வேறு வரிசையைக் காட்டுகிறது.

எடை எவ்வளவு தரும்?

30 கிலோமீற்றர் தூரமும் 600 மீற்றர் ஏற்றமும் உள்ள ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். தலவாக்கலைப் பக்கமிருந்து நுவரெலியாவுக்கு ஏறுவது ஏறத்தாழ அப்படிப்பட்டதுதான். விலை குறைந்த ஒரு சோடிச் சக்கரம் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். பெருந்தொகை கொடுத்து அதில் அரை கிலோவைக் குறைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த அரை கிலோவை 600 மீற்றர் தூக்கத் தேவைப்படும் ஆற்றல் சுமார் 3 கிலோ ஜூல். மொத்தம் தூக்குவதற்கான 470 கிலோ ஜூலில் இது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. ஒன்றரை மணி நேரம் ஏறுகிறவருக்கு அரை நிமிடம் மிஞ்சினாலே அதிகம்.

"சுழலும் எடை இரண்டு மடங்கு" என்று ஒரு வாதம் உண்டு. அது பாதி உண்மை. சக்கரத்தின் விளிம்பிலுள்ள எடை முன்னோக்கியும் நகர்கிறது, சுற்றவும் செய்கிறது. ஆகவே அதை வேகப்படுத்த, சட்டகத்தில் உள்ள அதே எடைக்குத் தேவைப்படுவதைப் போல இரண்டு மடங்கு ஆற்றல் வேண்டும். ஆனால் அது வேகம் கூட்டும் நேரத்துக்கு மட்டுமே பொருந்தும். சீராக மிதித்து ஏறும்போது சக்கரத்திலுள்ள அரை கிலோவும் தோள்பையிலுள்ள அரை கிலோவும் ஒன்றுதான். போட்டியில் நொடிக்கு நொடி பாய்கிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். பத்தனையிலிருந்து ஹட்டனுக்கு வேலைக்குப் போகிறவருக்கு அல்ல.

உயரமான விளிம்பு கொண்ட 'ஏரோ' ரிம்களின் கதையும் இப்படித்தான். காற்றை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 40 கிலோமீற்றரில் பறக்கும்போது அந்த ரிம் உதவும். 10 கிலோமீற்றரில் ஏறும்போது அதன் பயன் கண்ணுக்குத் தெரியாது. மலை இடுக்குகளில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று முன்சக்கரத்தைத் தள்ளும் தொல்லைதான் மிச்சம்.

டயர் தரும் பெரும் பலன்

அதே 30 கிலோமீற்றருக்கு இன்னொரு கணக்கு. சக்கரம் உருளும்போது டயர் தரையில் நசுங்கி மீண்டும் விரிகிறது. ஒவ்வொரு நசுங்கலிலும் கொஞ்சம் ஆற்றல் ரப்பருக்குள் வெப்பமாகிப் போகிறது. இந்த இழப்பை உருளல் எதிர்ப்புக் கெழு என்ற எண்ணால் குறிப்பார்கள். கடினமான மலிவு டயருக்கு அது 0.008 அளவிலும், நெகிழ்வான நல்ல டயருக்கு 0.005 அல்லது அதற்குக் கீழும் இருக்கும். வேறுபாடு 0.003 என்று வைத்தாலும் 80 கிலோவுக்கு 30 கிலோமீற்றரில் மிச்சமாவது சுமார் 70 கிலோ ஜூல். அரை கிலோ எடையைக் குறைத்ததில் கிடைத்ததைப் போல இருபது மடங்குக்கும் மேல். செலவோ புதுச் சக்கரத்தின் விலையில் ஒரு சிறு பங்கு.

டயரின் அகலத்திலும் ஒரு பழைய நம்பிக்கை தகர்ந்திருக்கிறது. ஒடுக்கமான டயரில் கல்லுப்போல் காற்றடித்தால் வேகமாக ஓடும் என்று முன்பு எண்ணினார்கள். வழுவழுப்பான தளத்தில் அது ஓரளவு சரி. கரடுமுரடான பாதையில் இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடுகிறது. அந்தக் குலுக்கலில் உடம்பின் தசைகள் உறிஞ்சும் ஆற்றலும் நாம் மிதித்துச் சம்பாதித்ததுதான். ஏ7 வீதியை விட்டிறங்கித் தோட்டத்து வழிகளில் ஓட்டுகிறவருக்கு 28 அல்லது 32 மில்லிமீற்றர் டயரே பொருத்தம். 28 மில்லிமீற்றர் டயரில் 70 பி.எஸ்.ஐ. அளவில் தொடங்கி, உங்கள் எடைக்கேற்பக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பாருங்கள். பின்டயருக்கு முன்டயரைவிடச் சற்றுக் கூடுதலாக வேண்டும். வாங்குவதற்கு முன் சட்டகத்துக்கும் பிரேக்குக்கும் இடையில் அந்த அகலம் நுழையுமா என்று அளந்துகொள்வது அவசியம்.

ரிம்: மழையில் நிற்க வேண்டியது

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த மலைச்சரிவுகளை நனைத்துக்கொண்டே இருக்கும். ஹட்டனுக்குக் கீழேயுள்ள வட்டவளை இலங்கையில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. பளபளவென்று குரோம் பூசிய இரும்பு ரிம் இப்படியான ஊருக்கு ஆகாது. ஈரமான குரோம் பரப்பில் ரப்பர்க் கட்டைக்குப் பிடிப்பு மோசமாகக் குறைந்து, நிற்க எடுக்கும் தூரம் பல மடங்காக நீளும். உங்கள் சைக்கிளில் இரும்பு ரிம் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அலுமினிய ரிம்முக்கு மாறுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் மாற்றங்களில் உயிரைக் காப்பது இதுவே.

அலுமினிய ரிம்மும் மழையில் முதல் சுற்றுகளில் வழுக்கும். கட்டை தண்ணீரை வழித்த பிறகுதான் பிடிக்கும். ஆகவே வளைவுக்கு முன்பே லேசாகத் தொட்டுத் துடைத்துவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் ரிம் ஆற நேரமிருக்காது. வளைவுக்கு முன் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு முழுவதுமாக விட்டுவிடுவதே சரியான முறை.

மலிவு விலையில் வரும் கார்பன் ரிம்மைக் கட்டைப் பிரேக்குடன் இந்தப் பாதையில் ஓட்ட வேண்டாம். கார்பன் இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் பிசின் ஓர் அளவுக்கு மேல் சூடானால் இளகும். அலுமினியம் வெப்பத்தை வேகமாகப் பரப்பிக் காற்றில் விட்டுவிடும். டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் வெப்பம் ரிம்முக்குப் போகாது என்பதால் இந்தக் கவலை இல்லை.

பழைய சக்கரம் வாங்கினால் ரிம்மின் பக்கச் சுவரைப் பாருங்கள். மழைச் சேறும் மணலும் கட்டையில் ஒட்டி, அரம்போல ரிம்மை அராவும். பாடசாலை அடிமட்டம் ஒன்றின் ஓரத்தைப் பிரேக் படும் பரப்பில் நிமிர்த்தி வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் கசிந்தால் சுவர் குழிந்துவிட்டது. அளவுக்கு மேல் மெலிந்த சுவர் டயரின் காற்றழுத்தத்தைத் தாங்காமல் ஒருநாள் பிளந்துவிடும். பல ரிம்களில் தேய்மானம் காட்டச் சிறு பள்ளமோ புள்ளியோ இருக்கும். அது மறைந்திருந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்காதீர்கள்.

கம்பிகளின் இழுவை

1874இல் ஜேம்ஸ் ஸ்டார்லி என்ற ஆங்கிலேயர் கம்பிகளைச் சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலிருந்து சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும்படி கோக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சக்கரமும் அதே கட்டுமானம்தான். நல்ல சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியும் சுமார் 100 கிலோ இழுவையில் இறுகியிருக்கும். பாரம் ஏறும்போது தரையை ஒட்டியுள்ள கம்பிகளின் இழுவை கொஞ்சம் தளர்கிறது. சக்கரம் சுற்றச் சுற்ற ஒவ்வொரு கம்பியும் தளர்ந்து இறுகும். கிலோமீற்றருக்குச் சுமார் 470 தடவை. கம்பி முதலிலேயே தொய்வாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழுவதும் தளர்ந்து, மடங்கும் இடத்தில் களைத்து, ஒருநாள் அறுந்துவிடும்.

ஆகவே 20 கம்பிகள் கொண்ட அழகான சக்கரத்தைவிட 32 கம்பிகள் கொண்ட எளிய சக்கரம் இந்த ஊருக்கு நல்லது. ஒன்று அறுந்தாலும் மற்றவை பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், மெதுவாக வீடு வந்து சேரலாம். மாற்றுக் கம்பியும் சாதாரண சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.

கம்பிகளைச் சோதிக்கக் கருவி தேவையில்லை. விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேளுங்கள். முன்சக்கரத்தில் எல்லாம் ஏறத்தாழ ஒரே சுருதியில் ஒலிக்க வேண்டும். பின்சக்கரத்தில் பற்சக்கரங்கள் இருக்கும் வலப்பக்கக் கம்பிகள் கூடுதல் சுருதியிலும் இடப்பக்கம் குறைவாகவும் ஒலிக்கும். பற்சக்கரங்களுக்கு இடம்விட்டுக் கோத்திருப்பதால் அது இயல்பு. ஆனால் ஒரே பக்கத்தில் ஒன்று கணீரென்றும் அடுத்தது சத்தில்லாமலும் ஒலித்தால் அந்தச் சக்கரம் கோணும். கைதேர்ந்த சைக்கிள்காரர் ஒருவரிடம் கொடுத்து, கம்பி நுனிகளிலுள்ள நிப்பிள்களைக் கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருகிச் சமப்படுத்தினால், மலிவுச் சக்கரமும் நீண்டகாலம் உழைக்கும். அந்தக் கூலி, செலவழித்ததற்கு முழுப் பலன் தரும் பணம்.

பொருந்துமா என்று பாருங்கள்

டயரின் பக்கத்தில் 28-622 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் எண் அகலம். இரண்டாவது, டயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். ரோட் பைக்கின் 700சி சக்கரம் 622. ஜப்பானிலிருந்து வரும் பல சைக்கிள்களில் '27' என்று போட்டிருப்பது 630, '26 x 1 3/8' என்பது 590. எட்டு மில்லிமீற்றர் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 622 டயர் 630 ரிம்மில் ஏறாது. 630க்குப் பதில் 622 சக்கரம் போட்டால் பிரேக் கட்டையும் ரிம்மில் சரியாகப் படாமல் போகலாம்.

அடுத்தது பின்சட்டகத்தின் இடைவெளி. கட்டைப் பிரேக் உள்ள ரோட் பைக்கில் பெரும்பாலும் 130 மில்லிமீற்றர், பழையதில் 126, மலைச் சைக்கிள் வகையில் 135. மூன்றாவது, பற்சக்கரங்கள் பொருந்தும் முறை. மலிவுச் சைக்கிள்களில் ஃப்ரீவீல் என்ற பற்சக்கரத் தொகுதி ஹப்பில் திருகி ஏறுகிறது. அதில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால், பாரத்தோடு ஏறும்போது அச்சு வளையவும் முறியவும் வாய்ப்பு அதிகம். பற்சக்கரங்களைச் செருகிப் பூட்டும் ஃப்ரீஹப் உள்ள சக்கரத்தில் பேரிங் வெளியே, சட்டகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இந்த மாற்றத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. பின்கியர் அனுமதித்தால் 32 பல் கொண்ட பெரிய பற்சக்கரம் வரை போடலாம். ஏற்றத்தில் முழங்காலைக் காப்பது எடை குறைந்த ரிம் அல்ல, அந்த 32 பற்கள்தான்.

பணத்தை இறக்க வேண்டிய வரிசை இதுதான்: இரும்பு ரிம் இருந்தால் முதலில் அலுமினியம், பிறகு நல்ல டயரும் பிரேக் கட்டையும், அதன்பின் இருக்கும் சக்கரத்தின் கம்பிகளைச் சமப்படுத்தி ஹப்புக்கு கிரீஸ், இன்னும் காசு இருந்தால் 32 கம்பிகளும் ஃப்ரீஹப்பும் கொண்ட எளிய அலுமினியச் சக்கரம். எடை கடைசி. முதல் மூன்றையும் செய்து முடித்தவர்களில் பலருக்கு நான்காவது தேவைப்படாமலே போகும். ஏற்றத்தில் லேசாக ஓடி, மழையில் சொன்ன இடத்தில் நிற்கும் சைக்கிள் தோட்டத்துப் பிள்ளைக்கும் எட்டும் விலையிலேயே கிடைக்கும். காசைக் கொடுக்கும் முன் கம்பியைச் சுண்டி, ரிம்மை அளந்து, எண்ணைப் படித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.